பழைய எம்ஜிபிக்கு செகண்ட் ஹேண்ட் வி8: எங்கே வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு ஒருநாள் இந்த ஆசை வந்தே தீரும்: இந்த 1798 சிசி நாலு சிலிண்டரைத் தூக்கிவிட்டு ரோவரின் எட்டு சிலிண்டர் வி8-ஐ உட்கார வைத்தால் என்ன? ஆசை புதிதல்ல. எம்ஜி தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்று இதைச் செய்து விற்றது. மொத்தம் 2591 வண்டிகள்தான் வெளியே வந்தன. அதற்கு முன்பே கென் கோஸ்டெல்லோ தனியாளாக இந்த மாற்றத்தைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். காரணம் எளிது. ரோவர் வி8-இன் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), ஹெட் (அதன் மேல் மூடி) இரண்டுமே அலுமினியம். வார்ப்பிரும்பு நாலு சிலிண்டரோடு ஒப்பிட்டால் எடையில் பெரிய வித்தியாசம் வராது, கொள்ளளவோ ஏறத்தாழ இரண்டு மடங்கு.

வண்டிக்குள் இடம் இருக்குமா என்ற கவலையும் பெரிதாக வேண்டாம். 1974-இன் கடைசியிலிருந்து வந்த கருப்பு ரப்பர் பம்பர் வண்டிகளின் பாடியில் வி8-க்கான இடம் ஏற்கெனவே விடப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிகளில் ஃபயர்வாலையும் ஸ்டியரிங் தண்டையும் கொஞ்சம் சீண்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆட்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில்: இன்ஜினை யாரிடம், எந்த நிலையில் வாங்குவது என்பதில்.

என் கட்சி இதுதான். இன்னொரு வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஓடுவதைக் கேட்க முடிகிற இன்ஜின், விலை கூடுதலாக இருந்தாலும் கடைசியில் மலிவாக முடியும். தரையில் தனியாகக் கிடப்பது, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், பெரும்பாலும் மலிவாக முடியாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எந்த வி8

இந்த இன்ஜின் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ப்யூக் செய்தது. ரோவர் அதன் உரிமையை வாங்கி 1967-இல் பி5பி காரில் வைத்தது. அப்புறம் பி6, 1970-இல் ரேஞ்ச் ரோவர், 1976-இல் எஸ்டி1, பிறகு டிஸ்கவரி என்று 2000களின் தொடக்கம் வரை வந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடை. உள்ளே அப்படி இல்லை.

3528 சிசி கொண்ட 3.5 லிட்டரின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 88.9 மி.மீ. பின்னால் வந்த 3.9-க்கும் 4.0-க்கும் அதையே 94 மி.மீ. ஆக்கினார்கள். 4.6-க்கும் அதே போர்தான், ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) மட்டும் 82 மி.மீ. ஆக்கி 4552 சிசி எடுத்தார்கள். அலுமினிய பிளாக்குக்குள், பிஸ்டன் உரசி ஓடும் உறையாக, இரும்பு லைனர் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. போரைப் பெரிதாக்கியதால் லைனருக்குப் பின்னால் இருக்கும் அலுமினியச் சுவர் மெலிந்துவிட்டது. ஒரு தடவை நன்றாகச் சூடேறிப்போன 4.0, 4.6 இன்ஜின்களில் அந்தச் சுவர் விரிசல் விடுவதும், லைனர் தன் இடத்தைவிட்டு நகர்வதும் பேர்போன நோய். 3.5-இல் இது அரிது. அதனால் பழுதில்லாமல் ஓட்ட வேண்டும் என்பவருக்கு 3.5 போதும் என்பேன். தொழிற்சாலை ஜிடி வி8-இல் இருந்ததும் 137 குதிரைத்திறன் கொண்ட 3.5 தான்; மூல எம்ஜிபியின் 95-உடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

4.6-இல் இன்னொரு தலைவலி உண்டு. அது வந்த பி38 என்ற ரேஞ்ச் ரோவர் மாடலில் இன்ஜின் கம்ப்யூட்டர், வண்டியின் பாடி கம்ப்யூட்டரிடமிருந்து திருட்டுத் தடுப்புக் குறியீடு வராமல் ஸ்டார்ட் ஆக விடாது. இன்ஜினையும் அதன் கம்ப்யூட்டரையும் மட்டும் தூக்கி வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் ஓடத் தொடங்காது. வேறு கம்ப்யூட்டர் போட வேண்டும், அதற்குத் தனி வயரிங், தனி டியூனிங்.

முழு வண்டியாக வாங்குவது

பாடி துருப்பிடித்து ஓட்டத் தகுதி போன, ஆனால் இன்ஜின் ஓடுகிற ரேஞ்ச் ரோவரோ எஸ்டி1-ஓ கிடைத்தால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். முதல் லாபம், ஓட்டிப் பார்க்கலாம். அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடாக்கிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் முக்கியம். மேலே சொன்ன லைனர் நோய் குளிர்ந்த இன்ஜினில் வாயே திறக்காது. சூடு ஏறிய பிறகுதான் உலோகம் தட்டுகிற டிக் டிக் சத்தம் வரும். அல்லது, எங்கும் ஒழுகாமலேயே கூலன்ட் குறையும், ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகும். தரையில் கிடக்கும் இன்ஜினில் இந்த அறிகுறிகளைப் பார்க்க எந்த மெக்கானிக்காலும் முடியாது.

இரண்டாவது லாபம், சில்லறைச் சாமான்கள். தனி இன்ஜின் வாங்கியவர் அடுத்த ஆறு மாதம் எதைத் தேடி அலைகிறார் என்று பாருங்கள்: ஆல்டர்னேட்டர் பிராக்கெட், புல்லி, ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் ஃபில்டர் தாங்கி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், சென்சார்கள், அவற்றுக்கான பிளக்குகள். ஒவ்வொன்றும் சின்ன விலைதான். கூட்டிப் பார்த்தால் இன்ஜினின் விலையை எட்டிவிடும். அதைவிட எரிச்சல், ஒரு போல்ட் வரவில்லை என்று வண்டி வாரக்கணக்கில் நின்றுவிடுவது. முழு வண்டி வாங்கினால் எல்லாமே அங்கேயே இருக்கும், எது எங்கே போகிறது என்பதற்குப் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வண்டிகளில் எஸ்டி1 எனக்குப் பிடித்தது. அது பின்சக்கர இழுவை வண்டி. மேனுவல் என்றால் கூடவே எல்டி77 ஐந்து கியர் பாக்ஸ் கிடைக்கும், எம்ஜிபிக்கு அது பொருந்தி வரும். ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கர இழுவை; அதன் கியர்பாக்ஸுக்குப் பின்னால் முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தொங்கும், நமக்கு ஆகாது. கழற்றி விற்றுவிடலாம், வாங்க ஆள் உண்டு.

தொல்லை என்றால் இடம்தான். வாசலில் டயர் இல்லாத ரேஞ்ச் ரோவர் மாதக்கணக்கில் நிற்பதை வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மிஞ்சிய பாகங்களை விற்பதும் ஒரு தனி வேலை. விளம்பரம் போட வேண்டும், போன் எடுக்க வேண்டும், வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களிடம் சிரித்த முகமாக இருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் அடுத்த வழிக்குப் போகலாம்.

காயலான் கடை

இங்கே இன்ஜின் இன்னும் வண்டிக்குள் இருக்கிறதா, வெளியே எடுத்துப் போட்டிருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டிக்குள் இருந்தால், இன்ஜினைப் பார்க்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை போடுங்கள். இந்த வண்டி ஏன் இங்கே வந்தது? பின்னால் இடிபட்டு நொறுங்கியிருந்தால் நல்ல செய்தி: விபத்து நடந்த நிமிடம்வரை இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கும் அடிபடாமல், சீட்டும் கண்ணாடியும் நன்றாக இருக்கும் வண்டி என்றால் சந்தேகப்பட வேண்டும். யாரோ செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கைகழுவிய வண்டி அது. அந்தச் செலவு இன்ஜின் செலவாகவே இருக்கலாம். டயரைப் பாருங்கள். நாலும் புதிதாக இருந்தால் உரிமையாளர் கடைசிவரை பணம் போட்டுக்கொண்டிருந்தவர். கூலன்ட் டப்பாவைத் திறந்தால் அடியில் பழுப்புத் தூள் படிந்திருக்கிறதா? ஒழுகலை அடைக்கும் பொடியைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், கிளம்பிவிடலாம்.

வெளியே எடுத்துப்போட்ட இன்ஜினில் இந்தத் தடயம் ஒன்றும் மிஞ்சாது. எடுக்கும் விதமும் அப்படித்தான். வயரிங்கைப் பிளக்கில் கழற்ற நேரமில்லாமல் கத்தியால் அறுப்பார்கள், ஹோஸையும் அப்படியே. தரையில் வைக்கும்போது ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) மேல் மொத்த எடையும் இறங்கும். சம்ப் நசுங்கி உள்ளே ஆயில் உறிஞ்சு குழாயின் வாயோடு ஒட்டிக்கொண்டால், பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் ஆயில் பிரஷர் மட்டும் வராது. கடைக்காரர் தரும் உத்தரவாதமும் பொதுவாக இன்ஜினுக்குத்தான்: ஓடவில்லை என்றால் மாற்றித் தருவார். அதை வண்டியில் ஏற்றி இறக்கிய உழைப்புக்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டாவது இன்ஜினும் அதே குவியலிலிருந்துதான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாதியில் நின்ற ப்ராஜெக்ட்

இன்னொருவர் இதே ஆசையில் வாங்கி வைத்து, கல்யாணமோ வீடு மாற்றமோ குறுக்கே வந்து, இப்போது இடம் காலி செய்கிறார். இந்த வகையை நிறையப் பேர் ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். காரணம் இன்ஜின் அல்ல, கூட வரும் பெட்டி. எம்ஜிபியின் இன்ஜின் மவுன்ட், உள் மட்கார்டு வழியாக வெளியேறும் வகை எக்ஸாஸ்ட், பானட்டுக்கு அடியில் அடங்குகிற உயரம் குறைந்த இன்டேக் மேனிஃபோல்ட் ஆகியவற்றை அவர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பார். கடைசியாகச் சொன்னது அற்ப விஷயமில்லை. எஸ்டி1-இன் கார்புரேட்டர்கள் உட்காரும் உயரத்தில் எம்ஜிபியின் பானட் மூடாது. தொழிற்சாலையே அதற்கென்று தனி மேனிஃபோல்ட் செய்து கார்புரேட்டர்களைப் பின்னால் தள்ளி வைத்தது.

பார்க்க வேண்டியது எப்படிச் சேமித்தார் என்பதை. பிளக் ஓட்டைகளும் இன்டேக் வாய்களும் மூடியிருந்தனவா? லைனர் இரும்பு, ஈரக்காற்று இறங்கினால் பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டிக்கொள்ளும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் முன்முனை போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கரகரத்து இறுகினால் அந்த சிலிண்டரில் துரு இருக்கிறது. கழற்றும் முன் இன்ஜின் ஓடுவதை எடுத்த வீடியோ கைவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆர்வலர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

"இன்ஜின் வேலை பார்த்தது"

விளம்பரத்தில் இந்த மூன்று சொல்லையும் பார்த்தால் என் கை பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புது பெயின்ட், புது கேஸ்கெட் விளிம்பு, பளபளக்கும் ராக்கர் கவர். உள்ளே என்ன செய்தார்கள்? பிஸ்டன் எந்த சைஸ், கிராங்க் பேரிங் எந்த சைஸ், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் அதன் மேல் உட்காரும் டேப்பெட்டும் சேர்த்து மாற்றினார்களா, லேத் வேலை பில் எங்கே, பிளாக்கைப் பிரஷர் டெஸ்ட் செய்தார்களா? உண்மையில் வேலை பார்த்தவர் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருப்பார், கேட்டதும் உற்சாகமாகிவிடுவார். மழுப்பினால், அதைத் திறக்கப்படாத பழைய இன்ஜின் என்றே மதிப்பிட்டு அதற்குரிய விலையைச் சொல்லுங்கள். பில்லும் படமும் வரிசையாக இருந்தால் எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான். நான் பார்த்தவரை அப்படிப்பட்டவை அபூர்வம்.

ரோவர் வி8 மட்டுமே பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. பழைய லைனரை எடுத்துவிட்டு, மேல் விளிம்பு மடிந்த புது லைனர் போட்டு விற்பார்கள். அந்த விளிம்பு ஹெட்டுக்கு அடியில் பூட்டிக்கொள்வதால் லைனர் நகர வழியில்லை. 4.6-தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவருக்கு விலை அதிகமானாலும் இதுவே சரியான வழி.

வேறு வண்டிக்கு இன்ஜின் தேடுபவர்கள் ஜப்பானிய இறக்குமதியைப் பற்றிக் கேட்பதுண்டு. அங்கே காரின் கட்டாயப் பரிசோதனை, புது வண்டிக்கு முதல் மூன்று ஆண்டு கழித்தும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் வரும். அந்தச் செலவுக்குப் பயந்து நல்ல வண்டியையே கழித்துவிடுகிறார்கள் என்பது விற்பவர்களின் பல்லவி. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1990களின் இன்ஜின் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் அதன் ரப்பர் சீல்களுக்கு வயது வயதுதான். டட்சன் 240 இசட்டுக்கு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நான்கு சக்கர இழுவை வண்டியின் இன்ஜின், முன் டிஃபரன்ஷியல் ஆயில் சம்ப்போடு ஒட்டியே வரும். சம்ப்பை மாற்றாமல் அந்த வண்டிக்குள் இறங்காது. அதே 240 இசட்டுக்கு 280 இசட்டின் 2753 சிசி எல்28 வைத்தால் இந்தப் பாடே இல்லை, ஏனென்றால் அது 240 இசட்டில் ஏற்கெனவே இருக்கும் அதே எல் குடும்பத்து இன்ஜின்.

எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியவை

போவதற்கு முன் விற்பவரிடம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் நீங்கள் கேட்கக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது.

ஆயில் ஊற்றும் மூடிக்கு உட்புறம் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறைந்த தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் கொஞ்சம் ஆவி படிவது உண்டு, அதனால் ஆயில் குச்சியையும் உருவிப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். அடுத்து ராக்கர் கவர்களில் ஒன்றையாவது கழற்ற அனுமதி கேளுங்கள். இந்த இன்ஜினின் நிரந்தர பலவீனம் கேம்ஷாஃப்ட். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் கருப்புக் கசடு படிந்து, ஹைட்ராலிக் டேப்பெட்டும் கேமும் தேயும். கவரைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுற்றி, வால்வை அழுத்தும் ஒவ்வொரு ராக்கரும் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். எட்டில் ஒன்று மட்டும் சோம்பலாக எழுந்தால் அந்த கேம் தேய்ந்துவிட்டது. இது வேண்டாம் என்று சொல்லக் காரணமில்லை. கேமும் டேப்பெட்டும் மாற்றக்கூடியவை, விலையைக் குறைக்க நல்ல பிடி.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டை வெதுவெதுப்பான இன்ஜினில், எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். இங்கே எண்ணைவிட சீர்தான் முக்கியம், ஏனென்றால் இந்த இன்ஜின்கள் பல கம்ப்ரஷன் விகிதத்தில் வந்தன: ரேஞ்ச் ரோவருக்கு 8.13, எஸ்டி1-க்கு 9.35 என்று. விகிதம் பிளாக்கில் இன்ஜின் எண்ணுக்கு அருகிலேயே பொறித்திருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ.

பிளக் ஓட்டை வழியாக இறக்கும் சின்ன கேமரா இப்போது எல்லோரிடமும் கிடைக்கிறது, அதைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். எட்டு பிஸ்டன் தலையும் கரி படிந்து கருப்பாக இருக்க வேண்டும். ஏழு கருப்பாகவும் ஒன்று மட்டும் கழுவி வைத்தது மாதிரி பளிச்சென்றும் இருந்தால், அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போய் ஆவியாகிக் கரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. 94 மி.மீ. போர் இன்ஜினில் இதைப் பார்த்தால் பேரமே பேசாமல் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

ஃப்ளைவீலையும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்த இன்ஜினில் ஃப்ளைவீல் இருக்காது, மெல்லிய டிரைவ் பிளேட்தான் இருக்கும். மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஃப்ளைவீல், கிளட்ச், கிராங்க் பின்முனையில் போகும் சின்ன புஷ் மூன்றும் தனியாக வாங்க வேண்டும். தண்ணீர் பம்ப்பின் மூக்கு நீளமும் வண்டிக்கு வண்டி மாறும். எம்ஜிபியில் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓரிரு அங்குலமே பெரிய விஷயம்.

காகித வேலை சுருக்கமானது: பிளாக்கில் உள்ள எண்ணும் விற்பவர் தரும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்திருந்தால் தொடவே வேண்டாம். இன்ஜின் மாற்றத்தைப் பதிவுச் சான்றிலும் இன்சூரன்ஸிலும் ஏற்றுவதற்கு என்ன கேட்பார்கள் என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அந்த விதிவிலக்கு

வாங்கியதும் முழுக்கப் பிரித்து, போர் முதல் பேரிங் வரை புதிதாக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஓடும் இன்ஜினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அப்போது உங்களுக்குத் தேவை பழுதில்லாத பிளாக், கிராங்க், ஹெட் மட்டுமே. கேம் தேய்ந்ததா, ரிங் போனதா என்பது பற்றிக் கவலை வேண்டாம். காயலான் கடையில் தரையில் கிடக்கும் மலிவான 3.5-ஐயே எடுக்கலாம். ஒரே நிபந்தனை: லேத் கடையில் பிளாக்கை சுடுதண்ணீரில் பிரஷர் டெஸ்ட் செய்து, தேறவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடை.

பிரிக்கப் போவதில்லை, அப்படியே மாட்டி ஓட்டப் போகிறேன் என்பவருக்கு என் வரிசை: ஓடும் எஸ்டி1, அடுத்து ஓடும் ரேஞ்ச் ரோவர், அப்புறம் பெட்டியோடு வரும் பாதி ப்ராஜெக்ட், அதன் பிறகே காயலான் கடையில் வண்டிக்குள் இருக்கும் இன்ஜின். இதில் எதுவாக இருந்தாலும், நீண்ட நாள் சும்மா கிடந்த பழைய வகை இன்ஜினை நேராக ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். முன்பக்க கவருக்குள் இருக்கும் ஆயில் பம்ப் காய்ந்து போயிருக்கும், தானாக ஆயிலை உறிஞ்சாது. பம்ப்பைத் திறந்து பெட்ரோலியம் ஜெல்லியால் நிரப்பி மூடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ட்ரில் மெஷினால் பம்ப் தண்டைச் சுற்றுங்கள். பிரஷர் கேஜ் முள் எழுந்து நிற்கும்வரை சுற்றிவிட்டு, அப்புறம் பிளக்குகளைப் போடலாம்.